அம்மாவுக்கு 15 கரண்ட் 5 ஆச்சு, பெரியப்பாவுக்கு நடுவுல நின்னுச்சு: கொரோனா நேரத்து ரேடியேஷன் பத்தி ஒரு கேள்வி

கடல்நுரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இந்தத் துறையில வேலை பாக்குறவங்க இங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரிஞ்சதால கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2020ல எங்க குடும்பத்துல ஒரே சமயத்துல ரெண்டு பேருக்கு ரேடியேஷன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கட்டியை மட்டும் எடுத்துட்டு மார்பை அப்படியே விட்டிருந்தாங்க, அதுக்கப்புறம் 15 நாள் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கணும்னு மொதல்ல சொல்லியிருந்தாங்க. மே மாசம் பிளானிங் ஸ்கேனுக்குப் போனப்ப டாக்டர் உக்கார வெச்சு, 5 நாள்லயே முடிச்சிடலாம்மா, பலன் அதேதான்னு சொன்னாங்க. சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டோம். வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்குள்ள ஓட ஆரம்பிச்சது, 15 எப்படி 5 ஆகும், மீதி 10 எங்க போச்சு, ஆஸ்பத்திரியில கூட்டத்தைக் குறைக்கணும்னு எங்கம்மா வைத்தியத்தைக் குறைச்சுட்டாங்களோன்னு. அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் இதை வாய்விட்டுச் சொன்னதில்ல.

பெரியப்பாவுக்குத் தொண்டையில. 35 கரண்ட், கூடவே வாரத்துக்கு ஒரு கீமோ. 22 முடிஞ்ச நேரத்துல அவருக்குக் கொரோனா பாசிட்டிவ் வந்துச்சு, சிகிச்சையை நிறுத்திட்டாங்க. திரும்ப ஆரம்பிக்க 16 நாள் ஆச்சு. மீதி 13ஐயும் முடிச்சுட்டுத்தான் வந்தார். ஒரு வருஷத்துல அதே இடத்துல திரும்ப வந்துடுச்சு, 2021 கடைசியில போயிட்டார்.

அம்மா நல்லா இருக்காங்க, வருஷா வருஷம் செக்கப் போறோம். ஆனா சொந்தக்காரங்க பேசுறப்ப ரெண்டையும் ஒண்ணா சேத்துதான் பேசுறாங்க, கொரோனா நேரத்துல எல்லாருக்கும் அரைகுறையா பண்ணிட்டாங்கன்னு. நிஜமா ரெண்டும் ஒண்ணுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கன்சோல்பக்கம் எழுதியது:

கடல்நுரை, மொதல்ல பெரியப்பாவுக்காக ரொம்ப வருத்தமா இருக்குப்பா.

நான் ரேடியேஷன் டெக்னாலஜிஸ்ட், கதிர் கொடுக்குற லினாக் மிஷினை ஓட்டுற ஆள். அந்த ரெண்டு வருஷமும் மிஷின் ரூம்லயேதான் இருந்தேன். உங்க கேள்விக்கு டாக்டருங்க பதில் சொல்லட்டும், எங்க பக்கம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் நான் சொல்றேன். ரேடியேஷனைப் பொறுத்தவரைக்கும் வீட்டுல இருந்து செய்யறதுன்னு ஒரு வழியே கிடையாது. மாத்திரைன்னா கூரியர்ல அனுப்பலாம், ஆலோசனைன்னா போன்ல சொல்லலாம். இது நோயாளி அந்த மேஜையில வந்து படுத்தாத்தான் நடக்கும், அதுவும் ஒரு நாள் இல்ல, வாரக்கணக்கா தினமும். அவங்களைப் படுக்க வெச்சு, உடம்புல போட்ட பச்சைக் குத்து புள்ளியை லேசர் கோட்டோட பொருத்தி, இடுப்பைப் பிடிச்சு ரெண்டு மில்லிமீட்டர் நகத்தி வைக்கிறது எங்க கைதான். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு இதைச் செய்யவே முடியாது.

அதனால எங்களை ரெண்டு டீமா பிரிச்சாங்க. ஒரு வாரம் ஏ டீம், அடுத்த வாரம் பி டீம், ரெண்டு டீம் ஆளுங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கவே கூடாது. ஏன்னா ஒரே நாள்ல பாதிப் பேருக்குப் பாசிட்டிவ் ஆச்சுன்னா மிஷின் நின்னுடும், மிஷின் நின்னா அன்னைக்கு லிஸ்ட்ல இருக்குற அத்தனை பேருக்கும் ஒரு நாள் போச்சு. ஆளுக்கு 10 நிமிஷம்னு இருந்த ஸ்லாட்டை 20 ஆக்கினோம், நடுவுல மேஜை, கைப்பிடி, தலைவாணி எல்லாம் துடைக்கணும். அப்போ ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்க முடியும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. ஆளைக் குறைக்கணும், இல்லன்னா ஆளுக்கு வர்ற நாளைக் குறைக்கணும். இந்த ரெண்டுல எதுன்னுதான் உலகம் முழுக்க எல்லா சென்டர்லயும் அன்னைக்கு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

நான் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்குற டாக்டர். கடல்நுரை, உங்க கேள்விக்கு நேரடியா பதில்: ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர்னு கூட சொல்லுவேன்.

அம்மா விஷயத்தை எடுத்துக்குவோம். 15ல 10ஐ வெட்டிட்டு மீதியைக் கொடுக்கல. கணக்கே வேற. கிரேங்கிறது கதிர் டோஸை அளக்குற அலகு. 15 நாள்னா மொத்தம் 40 கிரே, ஒரு நாளைக்கு 2.67 கிரே. 5 நாள்னா மொத்தம் 26 கிரே, ஒரு நாளைக்கு 5.2 கிரே. ஒரு தடவைக்கான டோஸ் கூடும்போது செல் மேல அதோட தாக்கம் ஒண்ணுக்கு ரெண்டுன்னு நேர்கோட்டுல ஏறாது, அதை விட வேகமா ஏறும். அதனாலதான் மொத்தத்தைக் குறைச்சே ஆகணும்.

இது கொரோனாவுக்காக யாரோ ராத்திரி உக்காந்து யோசிச்ச திட்டமும் இல்ல. பிரிட்டன்ல ஃபாஸ்ட் ஃபார்வர்டுன்னு ஒரு ஆய்வு, 97 ஆஸ்பத்திரி, 4096 நோயாளிங்க, 2011ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் ஆள் சேத்தாங்க. அதோட அஞ்சு வருஷ முடிவு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது 2020 ஏப்ரல் கடைசியில. 40 கிரே 15 நாள்ல வாங்கினவங்கள்ல அஞ்சு வருஷத்துல அதே மார்புல திரும்ப வந்தது 2.1 சதவீதம், 26 கிரே 5 நாள்ல வாங்கினவங்கள்ல 1.4 சதவீதம். அதாவது 5 நாள் எந்த விதத்துலயும் மட்டம் இல்லன்னு நிரூபணம் ஆச்சு. 27 கிரேன்னு இன்னொரு குரூப்பும் வெச்சிருந்தாங்க, அதுல பக்கவிளைவு கூடுதலா தெரிஞ்சதால அதை விட்டுட்டாங்க. வெறும் 1 கிரே வித்தியாசம், பாருங்க எவ்வளவு நுணுக்கமான விஷயம்னு. உங்க அம்மா மே மாசம் போயிருக்காங்க, அந்தக் கட்டுரை வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். உங்க டாக்டர் தூக்கத்தை விட்டுப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன், அதை அவசரமா எழுத விரும்பல. ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வந்து எழுதுறேன்.

மூணாவது_ஸ்கேன் எழுதியது:

டாக்டர், நானும் மார்பகப் புற்றுநோய்ல இருந்து வந்தவதான், அதனால குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. எனக்கு 2020 ஜூலையில 5 நாள் கொடுத்தாங்க. அஞ்சு வருஷக் கணக்கு சரி. ஆனா ரேடியேஷனோட பக்கவிளைவு பத்து வருஷம் கழிச்சும் வரும்னு சொல்றாங்களே, ஒரு தடவைக்கு ரெட்டிப்பு டோஸ் வாங்கினவங்களுக்கு மார்பு சுருங்குறது, கெட்டியாகுறது, இடது பக்கம்னா இதயம், இதெல்லாம் என்ன ஆகும்? அவசரகாலத்துல எங்களை வெச்சுப் பரிசோதனை பண்ண மாதிரி ஒரு உணர்வு எனக்கு இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் இருக்கு. எங்ககிட்ட சொன்னாங்க, ஆனா கேக்கல. சொல்றதுக்கும் கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அளவுகோல் எழுதியது:

மூணாவது_ஸ்கேன் மேடம், நியாயமான கேள்வி. நான் மெடிக்கல் பிசிசிஸ்ட், டோஸ் கணக்கு எங்க வேலை.

பெரிய டோஸ் கொடுத்தா நாள்பட்ட பக்கவிளைவு கூடும்ங்கிற பயம் எங்களுக்கே பல பத்து வருஷமா இருந்ததுதான். காரணம் என்னன்னா, கட்டி செல்லுக்கும் சாதாரணத் திசுவுக்கும் டோஸ் பெரிசாகுறப்ப எவ்வளவு சொரணை இருக்குங்கிறதை ஆல்ஃபா பீட்டா விகிதம்னு ஒரு எண்ணால அளப்போம். தலை கழுத்துக் கட்டிக்கு அது 10 பக்கம், நாள்பட்ட பக்கவிளைவு வர்ற திசுவுக்கு 3 பக்கம். எண் சின்னதா இருந்தா பெரிய டோஸால அதிகம் அடி படும். அதனால தொண்டைக்குப் பெரிய டோஸ் கொடுத்தா கட்டியை விட நல்ல திசுதான் அதிகம் அடி வாங்கும், சின்னச் சின்னதா பிரிச்சுக் கொடுக்குறதுதான் லாபம். ஆனா மார்பகப் புற்றுக்கு அந்த எண் 4க்குப் பக்கத்துல, ஆண்களுக்கு வர்ற ப்ராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு இன்னும் கீழ 1.5 பக்கம். அப்போ சின்னதா பிரிச்சு வாரக்கணக்கா இழுக்குறதுல பெரிய லாபமே இல்ல, மொத்தத்தைச் சரியா குறைச்சா போதும். எல்லா புற்றுக்கும் நாளைக் குறைக்க முடியாதுங்கிறதும், சிலதுக்குத் தாராளமா குறைக்கலாம்ங்கிறதும் இந்த எண்ணுல இருந்துதான் வருது.

பத்து வருஷம் பத்திக் கேட்டீங்க. ஃபாஸ்ட் ஃபார்வர்டுக்கு முன்னாடியே ஃபாஸ்ட்னு ஒரு ஆய்வு, 915 பெண்கள், வாரத்துக்கு ஒரு தடவை வீதம் அஞ்சு தடவை, மொத்தம் 28.5 கிரே. ஒரு தடவைக்கு 5.7 கிரே, நீங்க வாங்கினதை விட அதிகம். அதோட பத்து வருஷ முடிவு 2020லயே வந்துடுச்சு, பழைய 25 நாள் முறையோட ஒப்பிட்டா மார்புல வர்ற மாற்றங்கள்ல பெரிய வித்தியாசம் இல்ல. அதுலயும் கூடுதல் டோஸ் 30 கிரே வெச்ச குரூப்புலதான் மாற்றங்கள் அதிகம். இதயத்துக்கு நாங்க பாக்குறது, அங்க எவ்வளவு கதிர் போகுதுங்கிறதைத்தான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இதயத்தை மார்புச் சுவர்ல இருந்து விலக்குற முறை 5 நாளுக்கும் உண்டு.

சொல்றதுக்கும் கேக்குறதுக்கும் வித்தியாசம்னு நீங்க எழுதினதை நான் மறுக்கவே மாட்டேன். அன்னைக்கு ஆலோசனை பாதி போன்ல நடந்துச்சு, மீதி ரெண்டு மாஸ்க்குக்குப் பின்னாடி இருந்து நடந்துச்சு. அந்தப் பேச்சு சரியா நடக்கல.

மூணாவது_ஸ்கேன் எழுதியது:

நன்றி சார். இதை அன்னைக்கு யாராவது பத்து நிமிஷம் உக்காந்து இப்படிச் சொல்லியிருந்தா அஞ்சு வருஷம் நான் பயந்துட்டு இருந்திருக்க மாட்டேன்.

வேப்பநிழல் எழுதியது:

எனக்கு வயசு 71, ப்ராஸ்டேட். 2020 மார்ச்ல கண்டுபிடிச்சாங்க, அந்த வாரம்தான் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்சாங்க, மார்ச் 11. மொதல்ல 37 நாள்னு பேச்சு. அப்புறம் ஹார்மோன் ஊசி போட்டுட்டு, ஐயா நீங்க நாலு மாசம் காத்திருக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னாங்க. புற்றுநோய்னு சொல்லிட்டுக் காத்திருங்கன்னா எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும் சொல்லுங்க. ஊசி போட்டதால உடம்பு சூடாகுறது, சோர்வு எல்லாம் வேற. நாலு மாசம் கழிச்சு 20 நாள்ல முடிச்சாங்க, 60 கிரே. இன்னைக்கு பிஎஸ்ஏ, அதான் ப்ராஸ்டேட்டுக்குப் பாக்குற ரத்தப் பரிசோதனை, நல்லா இருக்கு.

என் கேள்வி என்னன்னா, இந்தத் தம்பி சொல்ற மாதிரி ப்ராஸ்டேட்டுக்கு நாளைக் குறைச்சாலே போதும்னா, அந்த 37 நாள் எதுக்கு இத்தனை காலம் நடந்துச்சு?

ராத்திரி_டியூட்டி எழுதியது:

ஐயா, சங்கடமான கேள்வி, ஆனா பதில் சொல்லியே ஆகணும். 20 நாள் போதும்னு காட்டின ஆய்வு முடிவு 2016லயே வந்துடுச்சு. 2019ல ஸ்காண்டிநேவியாவுல 1200 ஆண்களை வெச்சு 7 தடவையிலயே முடிக்கலாம்னு காட்டினாங்க, 42.7 கிரே, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆதாரம் மேஜை மேல கிடந்துச்சு, பழக்கம் விடல. சில இடத்துல ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு கட்டணம் இருக்குற முறையும் ஒரு காரணம்தான், தடவை குறைஞ்சா வருமானம் குறையும். இதை எங்க துறைக்குள்ள எல்லாருக்கும் தெரியும், சத்தமா பேசுறவங்க குறைவு.

இங்கிலாந்துல எடுத்த கணக்கு ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது. 2019 ஏப்ரல்ல மார்பக ரேடியேஷன்ல 26 கிரே 5 நாள் முறை 0.2 சதவீதம். 2020 ஏப்ரல்ல 60.6 சதவீதம். ஒரே வருஷம். அதே ஏப்ரல்ல ப்ராஸ்டேட் ரேடியேஷன் 77 சதவீதம் குறைஞ்சுச்சு, ஏன்னா உங்களை மாதிரி ஹார்மோன் ஊசியோட காத்திருக்க முடிஞ்சவங்களைக் காத்திருக்க வெச்சாங்க. இன்னொரு பக்கம் அந்த மொத அலை மாசங்கள்ல சிறுநீர்ப்பை ரேடியேஷன் 64 சதவீதம் ஏறுச்சு, உணவுக்குழாய் 41, மலக்குடல் 36. ஆபரேஷன் தியேட்டரும் ஐசியூ படுக்கையும் கொரோனாவுக்குப் போனதால ஆபரேஷன் பண்ண முடியாதவங்களையெல்லாம் ரேடியேஷன் தாங்குச்சு. அதனால எல்லாருக்கும் குறைச்சாங்கன்னு ஒரு வரியில சொல்றது தப்பு. யார் காத்திருக்கலாம், யாருக்கு நாளைக் குறைக்கலாம், யாருக்கு வேண்டவே வேண்டாம், யாருக்கு ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரா பிரிச்சாங்க. நல்லா பிரிச்ச இடத்துல நோயாளி தப்பிச்சார்.

வேண்டவே வேண்டாம்னு சொன்னதுக்கும் ஆதாரம் இருந்துச்சு. மார்பகப் புற்றுல 65 வயசுக்கு மேல, சின்னக் கட்டி, நிணநீர்க்கட்டியில பரவல, ஹார்மோன் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுவாங்கன்னா ரேடியேஷன் இல்லாம விட்டாலும் அஞ்சு வருஷத்துல அதே மார்புல திரும்ப வர்றது 4.1 சதவீதம், கொடுத்தா 1.3. ஆயுசுல வித்தியாசம் இல்ல. அப்படிப்பட்ட ஒரு பாட்டியை தொற்று உச்சத்துல இருக்குறப்ப 15 நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றது நல்லதா, இல்ல விடுறது நல்லதா? நான் விட்டேன். கேட்டு, பேசி, விட்டேன்.

விழுது எழுதியது:

பாலியேட்டிவ் கேர் நர்ஸ் நான், குணமாக்க முடியாதவங்களோட வலியைக் குறைக்கிற பிரிவு. எலும்புல பரவின வலிக்கு எங்க ஆளுங்களை ரெண்டு வாரம் 10 தடவை கூட்டிட்டுப் போவாங்க. ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலும் வலி குறையறது அதே அளவுன்னு எத்தனையோ ஆய்வுல வந்தாச்சு, திரும்பக் கொடுக்க வேண்டி வர்றவங்க மட்டும் கூட, சுமாரா அஞ்சுல ஒருத்தர், 10 தடவை வாங்கினவங்கள்ல பன்னெண்டு பேருல ஒருத்தர். ஆம்புலன்ஸ்ல ஏத்தி இறக்குறப்ப அவங்க கத்துற சத்தத்தைக் கேட்டவங்களுக்குத்தான் பத்துக்கும் ஒண்ணுக்கும் உள்ள தூரம் தெரியும். கொரோனா வந்தப்புறம்தான் எங்க பக்கம் எல்லா டாக்டரும் ஒரே தடவைக்கு வந்தாங்க. இத்தனை காலம் அத்தனை பேரை இழுத்தடிச்சோமேன்னு நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

கடல்நுரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலையில அம்மாகிட்ட மொத தடவையா இதைப் பேசினேன். எனக்கு அன்னைக்கே தெரியும்டி, அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க, நீதான் போன் பேச வெளிய போயிட்டன்னு சொல்றாங்க.

பெரியப்பா பத்தி நான் முழுசா எழுதல, இப்ப எழுதுறேன். 16 நாள்னு சொன்னேன்ல, அதுல ஆஸ்பத்திரி 10 நாள்லயே வாங்கன்னு கூப்பிட்டாங்க. நாங்கதான் அனுப்பல. திரும்ப அங்க போனா திரும்பத் தொத்திக்கும், உடம்பு தேறட்டும், சாப்பாடு இறங்கட்டும்னு வீட்டுல எல்லாரும் பேசி, நானும்தான் பேசி, இன்னும் 6 நாள் வீட்டுலயே வெச்சுக்கிட்டோம். அந்த 6 நாள் தான் காரணமா?

அளவுகோல் சார், ஒரு நாளைக்கு இத்தனை சதவீதம்னு ஒரு கணக்கு இருக்குன்னு வேற எங்கேயோ படிச்சேன். போட்டுச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்.

அளவுகோல் எழுதியது:

கடல்நுரை, நீங்க படிச்ச கணக்கு உண்டு. தலை கழுத்துப் புற்றுல சிகிச்சை ஒரு நாள் நீண்டா, அந்த இடத்துல நோய் கட்டுப்படுற வாய்ப்பு சுமாரா 1 முதல் 1.4 சதவீதம் குறையும்னு சொல்லுவோம். நாலாவது வாரம் பக்கம் மிஞ்சின கட்டி செல்கள் முன்னை விட வேகமா பெருக ஆரம்பிக்கும், இடைவெளி விட்டா நாம அடிச்சதை அது நிரப்பிக்கும். அதனாலதான் இந்த வகைக் கட்டிக்கு மொத்த நாள் ரெண்டு நாளுக்கு மேல நீளக் கூடாதுன்னு விதியே உண்டு. மிஷின் ரிப்பேர் ஆனாலும் சனிக்கிழமை வர வெச்சு, இல்லன்னா ஒரே நாள்ல ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை கொடுத்து ஈடு கட்டுவோம்.

ஆனா உங்க ஆறு நாளை நான் பெருக்கிக் காட்ட மாட்டேன். பயந்து மறைக்கல, அந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான பேரோட சராசரி, ஒருத்தரைப் பாத்து இவருக்கு இதனாலதான்னு அது சொல்லாது. ஒரு நாள் கூட விடாம முடிச்சவங்களுக்கும் தொண்டையில திரும்ப வந்திருக்கு, பதினைஞ்சு நாள் விட்டவங்க நல்லா இருக்குறதையும் பாத்திருக்கேன்.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

கடல்நுரை, இதைத்தான் அவசரமா எழுத வேண்டாம்னு நினைச்சேன்.

2020ல பாசிட்டிவ் வந்தவுடனே சிகிச்சையை நிறுத்தினது நாங்க. நெகட்டிவ் ஆகுற வரைக்கும் வராதீங்கன்னு சொன்னதும் நாங்க. அன்னைக்கு எங்களுக்கு ரேடியேஷனும் கீமோவும் நடக்குறப்ப கொரோனா வந்தா ஆளே போயிடுவாங்களோன்னு பயம். 2020 மே மாசம் பிரிட்டன்ல கொரோனா வந்த 800 புற்றுநோயாளிகளோட கணக்கு வந்துச்சு, நாலு பேருல ஒருத்தருக்கு மேல இறந்திருந்தாங்க, ஆனா அதுக்குக் காரணம் பெரும்பாலும் வயசும் மத்த நோயும்தான், சமீபத்துல கீமோவோ ரேடியேஷனோ வாங்கினது சாவைக் கூட்டலன்னு அதுல தெரிஞ்சுச்சு. இந்தச் செய்தி எல்லா ஊருக்கும் எல்லா டாக்டருக்கும் போய்ச் சேரவும், அதை நம்பி நடைமுறையை மாத்தவும் மாசக்கணக்கா ஆச்சு. தொண்டை மாதிரி தலை கழுத்துப் புற்றுக்கு ரேடியேஷன் ஆரம்பிக்கிறதே நாலு வாரம் தள்ளினா இறப்பு வாய்ப்பு 9 சதவீதம் கூடும்ங்கிற கணக்கு நவம்பர்லதான் வந்துச்சு. நாங்களே தொற்றை எடை போட்டோம், இடைவெளியை எடை போடல. இத்தனை படிச்ச எங்களுக்கே அன்னைக்குத் தட்டுப்படாததை உங்க வீட்டு ஆளுங்க எப்படித் தெரிஞ்சு வெச்சிருப்பீங்க? ஏன் சீக்கிரம் வரணும்னு உங்களுக்கு யாராவது விளக்கிச் சொன்னாங்களா? வாங்கன்னு மட்டும்தானே சொல்லியிருப்பாங்க?

கடல்நுரை எழுதியது:

ஆமா டாக்டர். வாங்கன்னு போன் வந்துச்சு, அவ்வளவுதான். ஒரு நாள் முன்னப் பின்ன ஆனா என்னன்னு நினைச்சுட்டோம்.

கன்சோல்பக்கம் எழுதியது:

கடல்நுரை, இதைப் படிச்சுட்டுச் சும்மா போக முடியல.

தொண்டை நோயாளிங்கதான் எங்களுக்கு அந்த ரெண்டு வருஷத்துலயே கஷ்டமானவங்க. அவங்களுக்கு முகத்துல மோல்ட் போடுவோம், 70 டிகிரி பக்கம் வெந்நீர்ல போட்டா இளகுற பிளாஸ்டிக் வலை, அதை முகத்துல அழுத்தி அச்செடுக்கணும், சில நிமிஷத்துல இறுகிடும். அவங்க வாயும் மூக்கும் தொறந்து இருக்கும், எங்க முகம் ஒரு முழம் தூரத்துல. சளி வேற, புண் வேற, இருமல் வரும். அப்படியும் அவங்களை நிறுத்தக் கூடாதுன்னு ரெண்டாவது அலைக்குள்ள எங்க சென்டர்ல முடிவு பண்ணிட்டோம். பாசிட்டிவ் ஆனாலும் உடம்பு தாங்குதுன்னா கடைசி ஸ்லாட்டுல வர வெச்சோம், தனி வழி, வெயிட்டிங் ஹால்ல உக்கார விடுறதில்ல, வண்டியில இருந்து நேரா ரூம், நாங்க ரெண்டே பேர் முழுக் கவச உடையில. முடிஞ்சதும் காத்து மாறுற வரைக்கும் ரூமை மூடி வெச்சு, அப்புறம் துடைப்போம். ராத்திரி பத்தாகிடும். வீட்டுல சின்னக் குழந்தை, நான் மூணு வாரம் தனி ரூம்ல இருந்தேன்.

பிளானிங் ஸ்கேன் எடுக்குறப்ப காய்ச்சலே இல்லாத ஒருத்தருக்கு நுரையீரல்ல பனி படிஞ்ச கண்ணாடி மாதிரி வெள்ளையா தெரிஞ்சதும் உண்டு, டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அவருக்கே தெரியாது.

ஆனா 2020ல இது எதுவும் எங்களுக்குத் தெரியாதுப்பா. நாங்களும் நிறுத்தித்தான் அனுப்பினோம். எங்க லிஸ்ட்ல இருந்து அப்படிப் போனவங்க பேரு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

மூணாவது_ஸ்கேன் எழுதியது:

கர்ப்பப்பை வாய்க்கு உள்ள வெச்சுக் கொடுக்குற ரேடியேஷன் வாங்குறவங்க என்ன ஆனாங்க? என் கூட வார்டுல இருந்த ஒரு அக்காவுக்கு அது தள்ளிப் போச்சு, அப்புறம் தொடர்பு விட்டுப் போச்சு.

அளவுகோல் எழுதியது:

பிரேக்கிதெரபி. அதைப் பத்தி யாருமே கேக்க மாட்டாங்க மேடம், கேட்டதுக்கு நன்றி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளிய இருந்து கொடுக்குறது, உள்ள வெச்சுக் கொடுக்குறது ரெண்டும் சேத்து எட்டு வாரத்துக்குள்ள முடியணும், அதுவும் தள்ளிப் போடக் கூடாத வகைதான். ஆனா மயக்க மருந்து டாக்டரெல்லாம் கொரோனா வார்டுல. முழு மயக்கத்துக்குப் பதிலா முதுகுல ஊசி போட்டுச் சமாளிச்சோம். இன்னொரு சிக்கல் வெளிய தெரியவே தெரியாது. அதுல இருக்குற இரிடியம் 192ங்கிற கதிரியக்க மூலம் 74 நாள்ல பாதியா தேஞ்சுடும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை புதுசு மாத்தணும், அது விமானத்துலதான் வரும். விமானம் நின்னு போனப்ப பழசையே வெச்சு ஓட்டினோம். 74 நாள் கழிச்சு அதே டோஸுக்கு ரெண்டு மடங்கு நேரம், அந்தம்மா கருவியை உள்ள வெச்சுக்கிட்டு அசையாம படுத்திருக்கணும். கோபால்ட் 60 மூலம் வெச்சிருந்த இடங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல, அது பாதியாகவே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்.

எங்க பக்கம் வந்த ஒரே நல்லது, பிளானிங் வேலையை வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல செய்ய முடிஞ்சதுதான். அது இன்னமும் தொடருது.

வேப்பநிழல் எழுதியது:

நல்லதுன்னு சொன்னதால நானும் ஒண்ணு சொல்றேன். செக்கப்பை போன்ல பண்றது எனக்கு வசதிதான், பிஎஸ்ஏ ரிசல்ட்டை அனுப்பிட்டா போதும். ஆனா ரேடியேஷன் நடக்குறப்ப வாராவாரம் டாக்டர் பாக்குறதையும் போனுக்கு மாத்தினது எனக்குப் பிடிக்கல. நேர்ல பாத்தா என் மூஞ்சியைப் பாத்தே, ஐயா சாப்பிடறதில்லையான்னு கேப்பாங்க. போன்ல நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன், வைங்க வைங்கன்னு வெச்சிடுவேன்.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

ஐயா சொன்னதுதான் சரி. முடிச்சவங்களுக்குப் போன் போதும், நடந்துட்டு இருக்குறவங்களை நேர்ல பாத்தே ஆகணும். எடையைப் போன்ல பாக்க முடியாது.

தென்னங்கீற்று எழுதியது:

இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், இப்ப ஒரு அவசரம். அப்பாவுக்கு நாக்குல புற்றுநோய், ரேடியேஷன் நடந்துட்டு இருக்கு, இன்னைக்கு 18வது. நேத்து ராத்திரியில இருந்து காய்ச்சல், சளி, கொரோனா டெஸ்ட் வீட்டுல எடுத்தோம் நெகட்டிவ். அம்மா ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும், திங்கக்கிழமை போகலாம்ங்கிறாங்க. இதைப் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?

கன்சோல்பக்கம் எழுதியது:

தம்பி, நீங்களா லீவு போடாதீங்க. இப்பவே டிபார்ட்மென்ட்டுக்குப் போன் பண்ணுங்க. பேரு, 18வது தடவை, நேத்துல இருந்து காய்ச்சல், எத்தனை டிகிரி, கீமோ நடக்குதா, டெஸ்ட் நெகட்டிவ், எல்லாத்தையும் சொல்லுங்க. கீமோ நடக்குதுன்னா காய்ச்சலே அவசரம், ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சிருக்கான்னு பாக்கணும், அதுக்காகவும் போயே ஆகணும். இன்னைக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். வேண்டாம்னு சொன்னா, விட்ட நாளை எப்படி ஈடு கட்டுவீங்கன்னு நீங்க கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல.

கடல்நுரை எழுதியது:

தென்னங்கீற்று, ப்ளீஸ் போன் பண்ணுங்க. அம்மா வேண்டாம்னு சொன்னா எங்க பெரியப்பா கதையை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க.

தென்னங்கீற்று எழுதியது:

போன் பண்ணிட்டேன். கீமோ நடக்குதுன்னதும் உடனே வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னாங்க, கவுன்ட் சரியா இருந்தா கடைசி ஸ்லாட்டுல, சாயங்காலம் ஆறரைக்கு, 18வதைக் கொடுத்துடலாம்னு சொல்லியிருக்காங்க. அம்மா அப்பாவுக்கு சட்டை மாத்தி விடுறாங்க. கிளம்புறோம்.